கரையோரச் சக்கர வீடு – 9: தேனும் காடியும்

வேல்ஸ் நாட்டுக் கரையோரமாகத் தனியொருவர் கேரவனை இழுத்துச் சென்று படம் பிடிக்கும் விடுமுறையைப் பற்றிய இத்தொடரில், செப்ஸ்டோவிலிருந்து கார்டிஃப் வரையிலான பகுதியும், துணையாள் இன்றிக் கேரவனைக் காரோடு பூட்டும் முறையும் முந்தைய இதழ்களில் வந்துவிட்டன. மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம். ஸ்கோமர் தீவின் பஃபின் பறவைகள் இவ்வாரத்துக்கென வாக்களிக்கப்பட்டிருந்தன. ஆனால் ஸ்கோமருக்குப் போகும் வழியில் ஸ்வான்சீ நகரை அடுத்துக் கோவர் தீபகற்பம் குறுக்கிடுகிறது. அதை ஒரே பத்தியில் கடந்துவிடலாம் என்றிருந்த திட்டம், ஸ்வான்சீக்கு வடக்கே வாழ்ந்த ஒரு செல்வந்தர் 1856-இல் தேனையும் காடியையும் கலந்து செய்த காரியத்தால் குலைந்துபோயிற்று.

அவர் பெயர் ஜான் டில்வின் லுவெலின் (1810–1882). பென்லெர்கேர் என்னும் பெரும் பண்ணையின் உரிமையாளரான இவர், 1833-இல் மணந்துகொண்ட எம்மா டால்பட், காகிதத்தில் எதிர்ப்படம் எடுக்கும் முறையைக் கண்டறிந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டுக்கு ஒன்றுவிட்ட உறவினர். ஒளிப்படக்கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதன் செய்முறை நுணுக்கங்கள் கல்விக்கழகங்களின் வழியாக அல்லாமல் குடும்பக் கடிதங்களின் வழியாகவே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தன. அதே வட்டத்தைச் சேர்ந்த கால்வர்ட் ஜோன்ஸ் என்னும் பாதிரியார் 1841 மார்ச் 9 அன்று மார்கம் மாளிகையை வெள்ளித் தகட்டில் எடுத்த படமே, வேல்ஸில் எடுக்கப்பட்ட படங்களுள் நாள் உறுதியாகத் தெரிந்தவற்றில் மிகப் பழையது. மார்கம் இன்றும் நெடுஞ்சாலையிலிருந்து சிறிது தொலைவில்தான் இருக்கிறது. கேரவனோடு மேற்கே செல்பவர்களில் பெரும்பாலோர் அருகிலுள்ள இரும்பாலையின் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போய்விடுகின்றனர்.

தேனின் பங்கு விளங்க வேண்டுமாயின், அன்றைய படக்காரரின் இடர் என்னவென்று அறிய வேண்டும். 1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கொலோடியன் எனப்படும் பசை (அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்து ஆக்கப்படுவது) கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய ஏடாக ஊற்றப்பட்டு, அக்கண்ணாடி வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தப்பட்டு, ஈரம் உலர்வதற்கு முன்பே கேமராவில் வைத்துப் படம் எடுக்கப்பட்டு, உடனே இருட்டில் கழுவித் துலக்கப்பட்டாக வேண்டும். இவ்வளவுக்கும் கிடைக்கும் நேரம் ஏறத்தாழப் பத்து நிமிடம். பசை உலர்ந்துவிட்டால் மருந்துநீர் உள்ளே இறங்காது, தகடு வீண். ஆகவே கடற்கரையைப் படம் எடுக்க விரும்பியவர் கேமராவோடு மட்டும் போய்விட முடியாது. கூடாரம், கண்ணாடிகள், அமிலப் புட்டிகள், தண்ணீர்க் குடங்கள் ஆகியவற்றோடு ஓர் இருட்டறையையே பாறை இடுக்குகளின் வழியே இறக்கிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இத்தனை பயனுள்ள முறைக்குக் காப்புரிமை கோராமல் விட்ட ஆர்ச்சர் 1857-இல் வறுமையில் இறந்தார் என்பதும் இங்கே சொல்லிவைக்கத் தக்கது.

லுவெலின் கண்ட வழி வியக்கத்தக்க அளவு எளியது. வெள்ளிக் கரைசலிலிருந்து எடுத்த தகட்டைக் கழுவி, அதன்மேல் தேனும் காடியும் கலந்த கலவையைப் பூசினார். இக்கலவைக்கு ஆக்சிமெல் என்று பெயர். கிரேக்க மருத்துவர்கள் காலந்தொட்டு இருமலுக்கும் சளிக்கும் கொடுக்கப்பட்டுவந்த பழைய மருந்து அது. தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இயல்புடையதாதலால் பசை காய்ந்து இறுகவில்லை; காடியின் அமிலத்தன்மை, வெள்ளி உப்புகள் தாமாகவே கறுத்துப்போவதைத் தடுத்தது. இவ்வாறு பூசிய தகடுகளை வீட்டிலேயே ஆயத்தம் செய்து, பெட்டியில் அடுக்கி எடுத்துச் சென்று, நாட்கள் கழித்துப் படம் எடுத்து, வீடு திரும்பியபின் நிதானமாகத் துலக்கலாம் என்றாயிற்று. லண்டனின் படச்செய்தி வார இதழ் ஒன்று 1856-ஆம் ஆண்டிலேயே இதனைப் பெரிதாக வரவேற்றது. விலையும் இருந்தது: ஈரத்தகட்டைவிட இத்தகட்டுக்கு ஒளி மிகுதியாகத் தேவைப்பட்டது, ஆகவே ஓடும் அலைக்கு இது உதவாது, நிற்கும் பாறைக்கே உதவும். ஆயினும் சுற்றுலாவும் ஒளிப்படமும் ஒன்றோடொன்று இணங்கிப்போக வழி திறந்தவற்றுள் இதுவும் ஒன்று என்பதே இத்தொடரின் முடிபு. ஜெலட்டின் பூசிய உலர்தகடுகள் 1871-இல் முன்மொழியப்பட்டுப் பின்னர்க் கடைகளுக்கு வந்து சேரும் வரையில், இத்தகைய சமையலறை உத்திகள் பலவற்றைப் பலரும் முயன்று பார்த்தனர்; அவற்றுள் தேனைப் போல் இனிக்கும் கதை வேறில்லை.

பென்லெர்கேரில் நிகழ்ந்தவற்றை எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. 1848-இல் பிரித்தானிய அறிவியல் சங்கம் ஸ்வான்சீயில் கூடியபோது, அறிஞர்களை மகிழ்விக்க லுவெலின் தம் ஏரியில் மின்கலத்தால் இயங்கும் படகொன்றை ஓட்டிக் காட்டினார். மரங்களைப் பற்றி வளரும் ஆர்க்கிட் செடிகளுக்கெனத் தனிக் கண்ணாடி வீடு கட்டினார். வான் ஆய்வுக்கூடம் ஒன்றையும் எழுப்பி, மகள் தெரேசாவின் துணையோடு நிலவைப் படம் எடுத்தார். தங்கை மேரி டில்வினோ சிறிய கேமராவைக் கையாண்டமையால் ஒளிபடும் நேரம் குறைந்து, அக்காலப் படங்களில் அரிதான சிரிப்பையும் பனிமனிதன் செய்து விளையாடும் வீட்டாரையும் பிடிக்க அவரால் முடிந்தது. பெரிய கருவியோடு வந்த ஆண்களின் நிலக்காட்சிகளைவிட மேரியின் படங்களே இன்றைய கண்ணுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று சொன்னால், லுவெலினின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

லுவெலினின் பெயரை நாட்டுக்கு வெளியே கொண்டுசென்றவை கோவரின் அலைகளே. தீபகற்பத்தின் தென்கரையிலுள்ள கேஸ்வெல் விரிகுடாவில் அலை உடையும் கணத்தை, ஈரத்தகடும் மிகக் குறுகிய ஒளிபடு நேரமும் கொண்டு அவர் பிடித்த படம், இயக்கத்தைக் காட்டும் ஒரு வரிசையின் பகுதியாக 1855-ஆம் ஆண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதுவரை கடலைப் படம் எடுத்தால் நீர்ப்பரப்பு பாலாடைபோல் மங்கியே பதியும். இன்று அதே கரைக்கு முக்காலியோடு வருபவர்கள், கண்ணாடிக்கு முன் கறுப்பு வடிகட்டியை மாட்டி ஒளியைக் குறைத்து, அரை நிமிடம் திறந்துவைத்து, அலையை வேண்டுமென்றே பாலாடையாக்கிக்கொள்கின்றனர். லுவெலின் அரும்பாடுபட்டு ஒழித்த குறையைப் பணம் கொடுத்து வாங்கும் இப்பழக்கம் தவறென்று கூற இயலாது. அளவுக்கு மீறிவிட்டது என்று மட்டும் கூறலாம்.

தகடு உலர்ந்துபோகும் இடர் அதே ஆண்டுகளில் தமிழகத்திலும் எதிர்ப்பட்டது. சென்னை மாகாண அரசின் படக்காரராக 1858-இல் மதுரை, திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களில் சுற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், மெழுகேற்றிய காகித எதிர்ப்படங்களையே பெரிதும் நம்பினார். முன்கூட்டியே ஆயத்தம் செய்து பல நாள் வைத்திருக்கத்தக்க அக்காகிதம், வெயிலில் நொடியில் உலரும் கொலோடியனைவிட அவருக்குக் கைகொடுத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக அவர் ஆக்கியது தனிக்கட்டுரைக்கு உரியது. கோவரில் தேன், தஞ்சையில் மெழுகு. இரண்டும் தேனீயிடமிருந்தே வந்தன.

இனி, தகட்டைப் பதப்படுத்துவதற்குப் பதிலாக இருட்டறைக்கே சக்கரம் பூட்டியவரையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ரோஜர் ஃபென்டன் என்பவர் காண்டர்பரி நகரத்து ஒயின் வணிகர் ஒருவரின் வண்டியை வாங்கி, உள்ளே தகடு துலக்கும் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் படுக்கையும் அமைத்து, ஜிப்ரால்டரில் வாங்கிய குதிரைகளைப் பூட்டி, 1855-இல் கிரைமியப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றார். வெளிர்நிறத்தில் எடுப்பாகத் தெரிந்த அவ்வண்டி ரஷ்யப் பீரங்கிகளின் இலக்காயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857-இல், அவரே வட வேல்ஸின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் படம் எடுத்தார். உல்லாசத்துக்கெனக் கட்டப்பட்ட முதல் கேரவன் என்ற பெருமை, ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் கோர்டன் ஸ்டேபிள்ஸுக்காக 1885-இல் பிரிஸ்டல் நகரில் செய்யப்பட்ட வாண்டரர் வண்டிக்கே வழங்கப்பட்டுவருகிறது. இரண்டு டன் எடையும் இரண்டு குதிரைகளும் கொண்ட அவ்வண்டியோடு ஒரு வண்டியோட்டியும், எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்ற பணியாளும், ஒரு நாயும், ஒரு கிளியும் உடன்வந்தமையால் அதைத் தனிப்பயணம் என்று கொள்ள முடியாது. உறங்குவதும் படம் செய்வதும் ஒரே வண்டிக்குள் என்னும் ஏற்பாட்டைக் கணக்கிட்டால், மூத்தவர் ஃபென்டனே ஆவார்.

இவ்வளவு வரலாறும் இன்றைய தனிப்பயணிக்கு எதற்கு என்ற வினா எழலாம். அன்றைய படக்காரருக்கு வாய்க்காத ஒன்றைக் கேரவன் இன்று தருகிறது. அது காத்திருக்கும் வசதி. ஊர்சுற்றும் கருவியாகக் கேரவன் அவ்வளவு சிறந்ததன்று. இழுத்துச் செல்லும்போது நடுத்தடுப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைலைத் தாண்டக் கூடாது, வேலிப்புதர் நெருக்கும் கோவர்ச் சந்துகளில் எதிரே டிராக்டர் வந்தால் பின்னுக்குத் தள்ளுவதும் எளிதன்று. ஆனால் ஒரு கரையருகே அதை நிறுத்திவிட்டுக் காரை மட்டும் அவிழ்த்துக்கொண்டால், ஒளியும் நீர்மட்டமும் கூடிவரும் நேரத்துக்காக நாட்கணக்கில் தங்கிவிடலாம்.

ஒளியும் நீரும் கூடும் அந்த நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் மிக உயர்ந்து மிகத் தாழும் பேரோதமும், அட்டமியை ஒட்டி ஏற்றவற்றம் குறையும் சிற்றோதமும் மாறிமாறி வருகின்றன. பேரோதத்தின்போது ஸ்வான்சீ விரிகுடாவில் நீர்மட்ட வேறுபாடு 8 மீட்டரைத் தாண்டும். நிலவு உச்சியைக் கடந்தபின் நீர் உயர்வதற்கு ஆகும் நேரம் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஏறத்தாழ மாறாதது. பௌர்ணமி நிலவும் அமாவாசை நிலவும் உச்சிக்கு வருவது நள்ளிரவையும் நண்பகலையும் ஒட்டியே. ஆகையால், ஒரு குறிப்பிட்ட கரையில் பேரோதம் எப்போதும் கடிகாரத்தின் ஒரே பகுதியில்தான் வரும். கோவரில் அது காலையும் மாலையும் ஆறு, ஏழு மணியை ஒட்டி உயர்கிறது. ஆதலால் மிகத் தாழ்ந்த நீர், நண்பகல் கடந்து, சூரியன் தலைக்குமேல் நின்று நிழல்களை அழிக்கும் நேரத்தில் வாய்க்கிறது. திரீ கிளிஃப்ஸ் விரிகுடாவின் மூன்று சுண்ணாம்புக்கல் முனைகளுக்கு ஊடேயுள்ள இயற்கை வளைவைக் கடந்து நடந்து பார்க்க அது நல்ல நேரம். படத்துக்கு ஆகாத நேரம். மேற்கு நோக்கிய ரோசிலிக் கடற்கரையில், 1887-இல் தரைதட்டிய ஹெல்வேசியா என்னும் நார்வேக் கப்பலின் விலா மரங்கள் ஈர மணலில் சாயங்கால வெயிலோடு பிரதிபலிக்க வேண்டுமாயின், செப்டம்பர் மாதத்துச் சிற்றோத நாட்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. அப்போது நீர் வற்றுவதும் சூரியன் மறைவதும் இரவு ஏழு, ஏழரையை ஒட்டி இணைகின்றன. வாராவாரம் ஓத அட்டவணையை இத்தொடர் நினைவூட்டுவது சலிப்பூட்டுகிறது என்று எண்ணுவோர், அருகிலுள்ள வோர்ம்ஸ் ஹெட் பாறைத்தீவுக்கு அட்டவணை இன்றிப் போய்வரலாம். நீர் மிகத் தாழும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரமே திறந்திருக்கும் அப்பாதை மூடிக்கொண்டு, கவிஞர் டிலன் தாமஸையே அங்கு மாட்டிக்கொள்ள வைத்தது.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, 1960-ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டம் ஒரு நல்ல சலுகையை வைத்திருக்கிறது: விலக்குப் பெற்ற கேரவன் சங்கங்கள் சான்றளித்தால், ஐந்து கேரவன்கள் வரை நிறுத்தும் சிறு தளத்துக்கு உள்ளாட்சி மன்றத்தின் தள உரிமம் வேண்டியதில்லை. இதனால் விவசாயிகள் தம் புல்வெளியின் ஒரு மூலையைச் சங்க உறுப்பினர்களுக்கு ஒதுக்க முடிகிறது. தனியாக வருபவர் பெருந்தளங்களின் இரைச்சலைவிட இவற்றையே நாடுவது தக்கது. விடியலில் கதவைத் திறந்து புறப்பட்டாலும் அண்டை வண்டியாரின் உறக்கம் கெடாது.

ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும் எஞ்சியுள்ளது. லுவெலின் தகட்டின் ஈரத்தைக் காக்கப் போராடினார். இன்றைய படக்காரர் ஈரத்தைத் தடுக்கப் போராட வேண்டியுள்ளது. குளிர்ந்த கரையில் நின்ற கேமராவை, ஹீட்டர் எரியும் கேரவனுக்குள் அப்படியே கொண்டுவந்தால், அறைக்காற்றின் ஈரம் லென்சின் உள்ளும் புறமும் பனியாகப் படியும். வெளியிலேயே பையில் போட்டு மூடி, உள்ளே கொண்டுவந்தபின் கருவி அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காமல் வைப்பதே வழி. படங்களை உடனே பார்க்கும் ஆவல் உள்ளவர்கள் நினைவட்டையைக் கரையிலேயே கழற்றிக்கொள்ள வேண்டும். உப்புத் திவலையைத் துடைக்கும் துணியை முதலில் நல்ல நீரில் நனைத்துக்கொள்ளாவிட்டால், உப்புத் துகள் லென்சின் பூச்சைக் கீறிவிடும்.

பஃபின்கள் ஏப்ரலில் ஸ்கோமருக்கு வந்து, ஜூலை முடிவதற்குள் பெரும்பாலும் கடலுக்குத் திரும்பிவிடுபவை; ஆகவே அவற்றை இனியும் தள்ளிப்போட இயலாது. அடுத்த வாரம் மார்ட்டின்ஸ் ஹேவன் படகுத்துறையிலிருந்தே தொடங்கும். வழியிலுள்ள டென்பி நகரத்தில் லுவெலின் எடுத்த படங்கள் சில உள்ளனவாயினும், அவற்றைத் தொடுவதில்லை என்று ஆசிரியர் குழுவுக்கு உறுதி அளிக்கப்பட்டிருக்கிறது.

(தொடரும்)