அடியில் வெளுக்கும் நகம்

நகச்சொத்தை பெரும்பாலும் நுனியில்தான் ஆரம்பிக்கும். கால் கட்டைவிரல் நகத்தின் ஓரம் மஞ்சளாகும், தடிக்கும், அடியில் பொடி சேரும். நகவெட்டியை வைத்தால் உதிரும். டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சையின் வேலை இது. விரலிடுக்கில் அரிப்பெடுக்கும் பூஞ்சைப் புண்ணுக்கும் பல சமயம் இதே ஆசாமிதான் காரணம். நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதுவே இதற்குச் சாப்பாடு.

சிலருக்கு மட்டும் இது தலைகீழாக நடக்கும். நுனி பளிச்சென்று இருக்கும். நகம் தோலிலிருந்து முளைக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு தோன்றி முன்னோக்கி நகரும். ஆரோக்கியமானவர்களிடம் இந்த வகை அபூர்வம்; நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம்தான் அதிகம். அதனால் இதைப் பார்க்கும் தோல் மருத்துவர் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் எழுதிக் கொடுப்பதுண்டு.

சர்க்கரை நோயாளிக்கும் நகச்சொத்தை ஆபத்துதான். கால் மரத்திருந்தால், தடித்த நகம் அழுத்திப் புண்ணாக்குவதே தெரியாது. அந்தப் புண் வழியே பாக்டீரியா நுழையும்.

இதைவிட ஆபத்தானது ஃபியூசேரியம். மண்ணிலும் செடியிலும் சாதாரணமாக இருக்கும் பூஞ்சை. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவரின் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருக்கும் நாட்களில், நகத்தையும் நகச்சுற்றையும் வாசலாக்கி ரத்தத்தில் கலந்துவிடும். பிறகு விடாத காய்ச்சல். தோலில் நடுப்பகுதி கறுத்த வலிக்கும் முடிச்சுகள். உயிருக்கே ஆபத்து. நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டும் பாட்டி வைத்தியம் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

சொரியாசிஸ் என்ற தோல்நோய் வந்த நகமும் பார்வைக்கு நகச்சொத்தை போலவே இருக்கும் என்பதால், பரிசோதிக்காமல் பூஞ்சை மாத்திரை விழுங்குவது வீண். நகத்தைச் சுரண்டியெடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்தால் கெரட்டின் கரைந்து, நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் தெரியும். எந்தப் பூஞ்சை என்பதை, அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை சொல்லும்.

கால் நகத்துக்கு வழக்கமான மருந்து டெர்பினாஃபைன், தினம் 250 மி.கி., 12 வாரம். இட்ராகொனசோலும் உண்டு. ஆனால் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் சாப்பிடும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும்; பொருத்திய சிறுநீரகமே பாதிக்கப்படலாம். கால் நகம் முழுதாக வளர 12 முதல் 18 மாதம் ஆகும். மாத்திரை முடிந்தும் நகம் அசிங்கமாக இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

உறுப்பு மாற்று, கீமோதெரபி, நீண்டநாள் ஸ்டீராய்டு என்று சிகிச்சையில் இருப்பவர்கள் அடுத்த முறை செருப்பைக் கழற்றி மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.