விடுமுறையில் உழைத்தவருக்கு அரசு தரவேண்டிய பாக்கி

2024 நவம்பர் 16, 17 சனி ஞாயிறு. வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காகத் தமிழகமெங்கும் சிறப்பு முகாம்கள் நடந்தன. அடுத்த வாரம் 23, 24 தேதிகளிலும் அதே முகாம்கள். அதற்கடுத்த சனிக்கிழமையான 30-ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஞாயிறு காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. திங்கட்கிழமை அரசூர் பகுதியில் வெள்ளம் ஏறி, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது.

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கும் வளவனூர் வட்டாரத்தில் முகாமிலும் உட்கார்ந்து, புயல் பணியும் பார்த்த வருவாய்த் துறை ஊழியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இடையில் விடுப்பே எடுக்கவில்லையென்றால், நவம்பர் 11 முதல் டிசம்பர் 1 வரை அவர் உழைத்தது தொடர்ந்து 21 நாட்கள். ஆறு விடுமுறை நாட்கள் அவருக்கு இல்லாமல் போயின. அந்த ஆறு நாட்களுக்கு அரசு என்ன தருகிறது?

விதி என்ன?

அதற்குத்தான் ஈடுசெய் விடுப்பு. அலுவலகத் தலைவரின் உத்தரவின்பேரில் விடுமுறை நாளில் பணிக்கு வரும் ஊழியர், அதற்குப் பதிலாக ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். அலுவலகங்களில் ‘டர்ன் டூட்டி’ என்று சொல்லும் முறைப்பணிக்கும் இது கிடைக்கும்.

கட்டுப்பாடுகள் இரண்டு முக்கியமானவை. ஒரு காலண்டர் ஆண்டில் 10 நாட்களுக்கு மேல் எடுக்க முடியாது. பணி பார்த்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், தவறினால் காலாவதி. ஆண்டுக்கு 12 நாள் கிடைக்கும் தற்செயல் விடுப்புடன் சேர்த்து எடுக்கலாம். ஆனால் இடையில் வரும் விடுமுறைகளையும் கூட்டி, ஒரே மூச்சில் 10 நாளைத் தாண்டக்கூடாது.

ஈட்டிய விடுப்பு இப்படியல்ல. அதை 240 நாட்கள் வரை சேர்த்து வைக்கலாம். கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட, அதைச் சரண்டர் செய்து காசாக்கும் வசதியும் 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் உண்டு என்று அரசு அறிவித்தது. ஈடுசெய் விடுப்பைச் சேர்த்து வைக்கவும் முடியாது, காசாக்கவும் முடியாது. எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஏன் கைக்கு வருவதில்லை?

சிக்கல் ஆறு மாதக் கெடுவில் இருக்கிறது. நவம்பர் 30-இல் பார்த்த வேலைக்கு மே மாத இறுதிக்குள் விடுப்பு எடுத்தாக வேண்டும். வருவாய்த் துறையில் அந்த ஆறு மாதம் எப்படிப் போகும்? டிசம்பரில் வெள்ளச் சேதக் கணக்கெடுப்பும் நிவாரணமும். ஜனவரியில் பொங்கல். மார்ச்சில் நிதியாண்டு முடிவு. மே மாதம் ஜமாபந்தி. விடுமுறையைப் பறித்த அதே வேலைப்பளு, ஈடாக வரவேண்டிய நாளையும் பறித்துவிடுகிறது.

அடுத்த சிக்கல் எழுத்து ஆதாரம். வெள்ளம் வரும்போது உத்தரவு போன் அழைப்பாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோதான் வரும். எழுத்து ஆணை இல்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை என்றால் பிறகு விடுப்பு கேட்டு நிற்கும்போது காட்ட ஆதாரமில்லை.

தொழிற்சாலையில் எப்படி?

வார ஓய்வு புதிய கோரிக்கையல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் நடந்த போராட்டத்தின் பலனாக 1890-இல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1921-ஆம் ஆண்டு வார ஓய்வு உடன்படிக்கையை இந்தியா 1923-இலேயே ஏற்றது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது. வார விடுமுறையை மாற்றிக் கொடுத்தாலும், முழுநாள் ஓய்வின்றித் தொடர்ந்து 10 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. விலக்குப் பெற்று விடுமுறையைப் பறித்தால், அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதங்களிலோ ஈடாக நாள் தரவேண்டும். தருவது நிர்வாகத்தின் கடமை. அரசு அலுவலகத்திலோ கேட்டு வாங்குவது ஊழியரின் பாடு. தனியார் முதலாளிக்கு விதித்த வரம்பை அரசு தனக்கும் விதித்துக்கொள்ள வேண்டாமா?

காவல்துறையில் ஒரு முன்னேற்றம் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒருநாள் ஓய்வு தர 2021-இல் அரசாணை வந்தது. மறுபக்கம், பேரூராட்சிகளில் ஒப்பந்தமுறையில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்கள் ஈடுசெய் விடுப்பு விதிக்கு வெளியே நிற்கிறார்கள். மழை வடிந்ததும் முதலில் தெருவில் இறங்கி, சேற்றையும் குப்பையையும் அள்ளுவது அவர்கள்தான்.

என்ன செய்யலாம்?

விடுமுறைப் பணிக்கு அழைக்கும் செய்தியையே ஆணையாக ஏற்று, அன்றே பதிவேட்டில் ஏற்றலாம். பேரிடர், தேர்தல் பணிகளுக்கு ஆறு மாதக் கெடுவை ஓராண்டாக்கலாம். கெடு முடிவதற்குள் விடுப்பைத் தந்து அனுப்பும் பொறுப்பை அலுவலகத் தலைவரிடமே வைக்கலாம். ஒப்பந்தப் பணியாளருக்கு ஈடாக ஒரு நாளோ கூடுதல் கூலியோ தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். அதற்கு முன்னால் இவற்றுக்கான ஆணை வரட்டும்.