பரத்பூர் ஏரியின் குளிர்கால விருந்தாளிகள்

வடதேசங்களில் நீர்நிலைகள் உறையத் தொடங்கியதும், சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வாத்துக் கூட்டங்கள் பாரத நாட்டை நோக்கிப் புறப்பட்டு விடுகின்றன. அவை திரளாக இறங்கித் தங்கும் இடங்களுள் ஒன்று, ராஜஸ்தானத்தில் பரத்பூரை அடுத்துள்ள கேவலாதேவ் ஏரி. இவ்விருந்தாளிகளை நாம் உபசரித்து வந்த விதத்தில் நம் தேச சரித்திரமே ஒருவாறு அடங்கியிருக்கிறது.

மார்கழிப் பனி மூடிய காலையில் ஏரிக்கரையில் நிற்பவர்க்கு முதலில் காட்சி இல்லை, ஓசைதான் உண்டு. பனி விலக விலக நீர்ப்பரப்பு முழுதும் உயிர் பெறுகிறது. ஊசிவால் வாத்து தலையை நீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டி மேய்கிறது. தட்டைவாயன் கரண்டி போன்ற அலகால் ஜலத்தை அரித்துச் செல்கிறது. இமயத்தையே தாண்டி வந்த வரித்தலை வாத்து ஒன்றுமறியாதது போலப் புல் கொறிக்கிறது. இவற்றைப் பெயர் சொல்லிக் காட்டுவோர் பண்டிதர்கள் அல்லர். அவ்வூர்ச் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களே.

இந்த ஏரி மனிதன் உண்டாக்கியது. 18-ஆம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ்மல் கட்டுவித்த அஜான் அணைதான் அப்பள்ளத்திற்கு நீர் தந்தது. பிற்காலத்து ராஜாக்களோ அதை வேட்டைக் களமாக்கி, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார்கள். 1938-இல் ராஜப்பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் கோஷ்டியார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அக்கணக்கைப் பெருமையுடன் பொறித்த கல் இன்றும் அங்கே நிற்கிறது. 1956-இல் அது சரணாலயமாயிற்று. ஆயினும் 1972 வரை அரச குடும்பத்தின் வேட்டை உரிமை நீங்கவில்லை.

துப்பாக்கி ஒழிந்ததோடு குறை தீர்ந்ததா? இல்லை. 1982-இல் தேசியப் பூங்காவாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே எருமை மேய்த்து வந்த கிராமத்தாரைச் சர்க்கார் தடுத்தது. கலகம் மூண்டது, போலீசார் சுட்டதில் கிராமத்தார் சிலர் மாண்டனர். பிறகு நிகழ்ந்ததென்ன? மேய்ச்சல் நின்றதும் நீர்ப்புல் மண்டி, வாத்துகள் நீந்தும் இடத்தையே அடைத்துக் கொண்டது. எருமையும் அந்த ஏரியின் காவலன் என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாரின் ஆராய்ச்சி எடுத்துக் காட்டிற்று. ஜனங்களைக் கலந்து கொள்ளாமல் செய்யும் நன்மையும் தீமையாக முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

அடுத்த சங்கடம் ஜலம். கம்பீர் நதியின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை நீரைத் தேக்கியதால் ஏரி வறண்டது. பின்னர் கோவர்த்தன் வடிகாலிலிருந்தும் சம்பலிலிருந்தும் குழாய் வழியே நீர் கொணர வேண்டியதாயிற்று. உழவனுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பங்கீடு செய்வோர் பறவைக்குரிய பங்கையும் கணக்கில் வைத்து, அதை ஆண்டுதோறும் தவறாமல் விட வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் பிச்சையாகப் போடுவது போதாது.

சைபீரியப் பெருங்கொக்கு 2002-ஆம் ஆண்டிற்குப் பின் பரத்பூருக்கு வரவில்லை. வராது நின்ற விருந்தாளியை எந்தச் சட்டமும் அழைத்து வர முடியாது. இன்னும் வந்து கொண்டிருப்போரையாவது காப்பது நம் கடமை. அதற்கு ஏரியில் நீரும், கரையில் வாழும் ஜனங்களின் நல்லெண்ணமும் ஒருங்கே வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நில்லாது.