சாவியை எடுத்தாலும் ஓடும் விசிறி

ஊட்டியிலிருந்து இறங்கி வீடு சேர்ந்த இரவு. இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக் கதவைச் சாத்திய பிறகும் டாஷ்போர்டுக்குள் காற்று இரைந்துகொண்டிருந்தது. மலையில் ஹீட்டருக்காகப் போட்ட விசிறி. ஆஃப் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் அடங்கவில்லை. வாசலில் நின்ற அம்மா கேட்டார்: "அடுப்பு நாப் கெட்டுப்போனா சிலிண்டரை மூடுவோமே, இதுல அப்படி மூட ஒண்ணும் இல்லையாடா?"

இருக்கிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே பழுது எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

சிலிண்டர் என்பது 12 வோல்ட் பேட்டரி. ரெகுலேட்டர் இருக்கும் இடத்தில் ஃபியூஸ், பல வண்டிகளில் கூடவே ஒரு ரிலே. பர்னர்தான் விசிறி மோட்டார். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் இடப்பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஹீட்டருக்கும் ஏசிக்கும் மோட்டார் ஒன்றே. ஹீட்டர் தனியாக எதையும் எரிப்பதில்லை. இன்ஜின் சூட்டை ஏந்திவரும் கூலன்ட் ஓடும் ஒரு சிறு ரேடியேட்டர் வழியாக இந்த விசிறி காற்றைத் தள்ளுகிறது. அதனால் ஹீட்டரைத் தொட்டே பார்க்காத சென்னைக்காரருக்கும் இந்தத் தொல்லை வரலாம்.

இனி நாப். அடுப்பில் நாம் திருகுவது பிளாஸ்டிக் கைப்பிடி. கேஸை நிறுத்துவது அதற்குள் இருக்கும் பித்தளை வால்வு. வால்வு இறுகிவிட்டால் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பினாலும் தீ எரியும். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள காரிலும் அதே கதைதான். நாம் அழுத்தும் பட்டன் சேதி மட்டுமே சொல்கிறது. உண்மையான வால்வு, பவர் மாட்யூல் என்ற சின்னப் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு: என் வண்டியில் முதலில் மாற்றப்பட்டது பட்டன் பலகைதான். பணம் போனது, விசிறி நிற்கவில்லை.

பழைய வகை நாப் உள்ள வண்டிகளில் வேகத்தைக் குறைப்பது ரெசிஸ்டர். அது எரிந்தால் 'சிம்' போய்விடும், ஹையில் மட்டும் ஓடும், ஆனால் ஆஃப் செய்தால் நின்றுவிடும். அது வேறு நோய். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பானெட்டுக்குள் ரேடியேட்டர் விசிறி இன்ஜினை அணைத்த பின்னும் சில நிமிடம் சுற்றுவதும் பல வண்டிகளில் இயல்பு. டாஷ்போர்டின் காற்றுத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தால் எந்த விசிறி என்று தெரிந்துவிடும்.

அன்றிரவு செய்ய வேண்டியது, அம்மா சொன்னதுபோல் சிலிண்டரை மூடுவது. முழு வேகத்தில் இந்த மோட்டார் 15 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினாலே அதிகம். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் விசிறிக்கான ஃபியூஸைத் தேடிப் பிடுங்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடலாம்.

பிறகு, காலையில் தேடலாம். சாவியை எடுத்தால் விசிறி நிற்கிறதா? நின்றால் ரிலே பெரும்பாலும் நல்லது. நிற்காவிட்டால் முதல் சந்தேகம் ரிலே மேல். அதற்குள் இரண்டு உலோக முனைகள் சேர்ந்து சேர்ந்து பிரிகின்றன. ஒவ்வொரு முறையும் சின்னப் பொறி. நாளடைவில் முனைகள் கருகி, எண்ணெய் காணாத கல்லில் தோசை பிடிப்பதுபோல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் சில சமயம் விடும், ஆனால் அந்தக் கல்லில் அடுத்த தோசையும் பிடிக்கும், மாற்றிவிடுவதே சரி. ஹார்னுக்கு அதே எண் போட்ட ரிலே இருந்தால் எடுத்து இங்கே செருகிச் சோதிக்கலாம். பழையதை மட்டும் ஹார்ன் இடத்தில் செருகிவிடாதீர்கள், தெருவே விழித்துக்கொள்ளும்.

ரிலே நல்லதென்றால், அல்லது என் வண்டியைப் போல மாட்யூலுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகவே வந்தால், அடுத்தது மாட்யூல். டிரான்சிஸ்டர் மிதமிஞ்சிச் சூடானால் உள்ளே உருகி வெறும் கம்பியாகிவிடுவது அதிகம். கிழிந்த சல்லடை மாவையும் தவிட்டையும் பிரிக்காமல் விடுவதுபோல, அது இருக்கும் மின்சாரத்தையெல்லாம் மோட்டாருக்கு விட்டுவிடும். ஆஃப் அழுத்திய நிலையில், பலகையிலிருந்து வரும் மெல்லிய ஒயரை மல்டிமீட்டரால் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஓடு என்ற சேதி வராதபோதும் விசிறி ஓடினால் குற்றவாளி மாட்யூல்தான்.

அடுப்பு உவமை உதவாத இடம் ஒன்று உண்டு. கேஸுக்கு வரும் வழி போதும். மின்சாரத்துக்குத் திரும்பும் வழியும் வேண்டும். சில கார்களில் விசிறியின் சுவிட்ச் அந்தத் திரும்பும் வழியில் இருக்கிறது. இது பாத்திரம் கழுவும் சிங்க்கின் அடைப்பான் மாதிரி. சிங்க்கிலேயே ஓட்டை விழுந்தால், அடைப்பானை எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் இறங்கும். உறை தேய்ந்த ஒயர் காரின் இரும்புடம்பைத் தொட்டால் இதேதான் நடக்கும். அங்கே எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை, ஒயரைத் தடவித்தான் தேட வேண்டும்.

மாட்யூல் ஏன் சூடானது என்று கேட்காமல் புதியதைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. அதன் அலுமினியத் தகடுகள் விசிறிக் காற்றின் பாதையிலேயே நிற்கும்; அந்தக் காற்றுதான் அதை ஆற்றுகிறது. காற்று குறைந்தால் ஆறாது. மோட்டார் இறுகிச் சுற்றினால் கூடுதல் ஆம்பியரும் அதன் வழியாகவே போகும். அதனால் என் வண்டியில் மாட்யூலோடு மோட்டாரையும் கழற்றச் சொன்னேன். விசிறிக் கூட்டுக்குள் கைநிறைய வேப்பஞ்சருகு இருந்தது. வண்டி ஒரு வருடமாக நிற்பது வாசல் வேம்பின் அடியில்.