ஏழு வருஷம் என்றால் ஏழு வருஷமே

ஸினிமா நடிகை என்றதும் பட்டாடையும் பகட்டுமே பலருக்கு நினைவு வருகின்றன. அவரும் கூலிக்கு உழைக்கும் தொழிலாளியே என்பது எளிதில் தோன்றுவதில்லை. ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் அம்மையாரின் சரித்திரம் இவ்வுண்மையை ஐயத்துக்கிடமின்றி விளக்குகிறது.

1916ம் வருஷம் ஜூலை 1ந் தேதி, டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே கலிபோர்னியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். வார்னர் பிரதர்ஸ் கம்பெனியில் சேர்ந்து, 1935ல் வெளிவந்த 'காப்டன் பிளட்' படத்தில் எரால் பிளின்னுடன் நடித்துப் புகழடைந்தார். 1939ல் 'கான் வித் தி விண்ட்' படத்தில் மெலனியாகத் தோன்றி ரஸிகர்களின் உள்ளத்தைக் கவர்ந்தார். ஆனால் அது வேறொருவர் தயாரித்த படம். சொந்தக் கம்பெனியோ, கதாநாயகனுக்குத் துணையாக நிற்கும் சாரமற்ற வேஷங்களையே பெரும்பாலும் அளித்து வந்தது.

அவற்றை மறுத்தால் என்ன நேரும்? சம்பளம் நிறுத்தப்படும். அத்துடன் நில்லாமல், வேலையின்றிக் கழிந்த நாட்கள் ஒப்பந்தத்தின் இறுதியில் கூட்டப்படும். எதிர்க்க எதிர்க்கத் தளை நீளும்! இது ஒப்பந்தமா, அடிமைச் சாசனமா என்று கேட்கிறோம்.

1943ல் அம்மையாரின் ஏழு வருஷக் கெடு முடிந்தது. சுமார் ஆறு மாத காலம் பாக்கியென்று கம்பெனி வாதித்தது. அவர் நீதி ஸ்தலத்தை நாடினார். இதே கம்பெனியை எதிர்த்து 1936ல் லண்டனில் வழக்காடிய பெட்டி டேவிஸ் தோல்வியுற்றதை அவர் அறியாதவரல்லர். தோற்றால் தொழிலே போய்விடும் என்பதும் தெரிந்ததே. ஆயினும் பின்வாங்கவில்லை.

எந்தத் தொழிலாளியையும் ஏழு வருஷத்துக்கு மேல் ஒப்பந்தத்தால் கட்டி வைக்கலாகாது என்பது கலிபோர்னியா சட்டம். வேலை செய்த நாட்களை மட்டுமே கணக்கிட வேண்டுமென்றது கம்பெனி. காலண்டர் காட்டும் ஏழு வருஷமே கணக்கு என்றது நீதி ஸ்தலம். இவ்வுரிமை பொதுநலத்துக்காக ஏற்பட்டதாதலின், தொழிலாளி தாமே கையெழுத்திட்டும் இதைத் துறக்க முடியாதென்றும் விளக்கிற்று. 1944 டிஸம்பரில் அப்பீல் கோர்ட்டும் இத்தீர்ப்பை உறுதி செய்தது.

வழக்கு நடந்தபோது, அவரைச் சேர்க்கலாகாதென்று கம்பெனி மற்றக் கம்பெனிகளுக்கு எழுதிற்று. வேலையற்றிருந்த அக்காலத்தில் அவர் காயமுற்ற போர் வீரர்களை மருத்துவமனைகளில் கண்டு தேறுதல் கூறினார். விடுதலைக்குப் பின், தாமே தேர்ந்த வேஷங்களில் திறமையைக் காட்டினார். 1946, 1949 ஆண்டுகளில் வெளிவந்த 'டு ஈச் ஹிஸ் ஓன்', 'தி ஏரஸ்' படங்களுக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு இருமுறை கிடைத்தது. கம்பெனி கொடுக்க மறுத்த வாய்ப்பின் மதிப்பு இதனால் விளங்கும்.

2020 ஜூலையில், தமது 104வது வயதில், பாரிஸில் அவர் காலமானார். படங்களை மறப்பவர் மறக்கலாம். அத்தீர்ப்போ இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சட்டப் புத்தகத்தில் உரிமை எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்டு வாங்கும் நெஞ்சுரமும் வேண்டும். அம்மையாரின் வாழ்க்கையில் நாம் காணும் பாடம் இதுவே.