விற்கப் போகிற வீட்டுக்கு இன்னொரு அறை கூட்டலாமா? எல்லையோரக் கணக்கு தெரியுமா?

ஒரே மாதிரி இரண்டு வீடுகள். ஒன்று தமிழ்நாட்டுக் களியக்காவிளையில், மற்றது கேரளத்துப் பாறசாலைப் பக்கம். பொடிநடையாகப் போய்வரும் தூரம்தான். இரண்டிலும் பின்பக்கம் ஒரே அளவில் ஓர் அறை கூட்டுகிறார்கள். அந்த அறைக்கு அனுமதி தரும் சட்டம் வேறு, வரி வேறு, விற்கும்போது ஆகும் பத்திரச் செலவும் வேறு! தெரியுமா?

காரணம் 1956 நவம்பர் 1. அன்றுதான் திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்தக் கோட்டின் விலையை இன்றும் வீடு விற்கிறவரும் வாங்குகிறவரும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேரளத்தில் முத்திரைத்தாள் 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2. ஆக 10. தமிழ்நாட்டில் 7-ம் 2-ம் சேர்த்து 9.

400 சதுர அடி கூட்டுகிறீர்கள், சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு 8 லட்சம். அந்த 8 லட்சமும் பத்திரத்தில் ஏறினால், பாறசாலையில் வாங்குகிறவருக்குக் கூடுதலாக 80,000 ரூபாய்! களியக்காவிளையில் 72,000. நீங்கள் கட்டிய அறைக்கு அவர் அரசாங்கத்துக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதையும் மனதில் வைத்துத்தான் அவர் விலை பேசுவார்.

அடுத்தது இன்னும் ஆச்சரியம். ஒரு செண்ட் என்பது 435.6 சதுர அடி. அப்படியானால் நீங்கள் தரையில் கூட்டுகிற 400 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு முழு செண்டை விழுங்கிவிடும்! இந்த ஊர்களில் வீடு பார்க்க வருகிறவர் வாசலில் நின்றபடியே கேட்கும் முதல் கேள்வி, “செண்டுக்கு என்ன சொல்றீங்க?” என்பதுதான். இரண்டாவது, “வண்டி உள்ளே வருமா?” பிறகு கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்ப்பார், கோடையில் தண்ணீர் நிற்குமா என்று கேட்பார். படுக்கையறை எத்தனை என்பது அதற்கும் பிறகுதான். ஐந்து செண்டில் கார் நிறுத்துகிற இடத்தை அடைத்து அறை கட்டினால், அவர் தேடி வந்ததை நாமே காசு கொடுத்து அழித்ததாக ஆகும்.

இங்கிலாந்தில் இது தலைகீழ். அங்கே வீட்டை அறைக் கணக்கில் வாங்குகிறார்கள். பெரிய படுக்கையறையும் குளியலறையும் கூட்டினால் வீட்டு விலை 20 விழுக்காட்டுக்கு மேலும் ஏறலாம் என்று நேஷன்வைட் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் சொல்கிறது. அமெரிக்காவிலோ 2024-ல் வெளியான செலவு-மதிப்பு அறிக்கையில் ஆடம்பரப் படுக்கையறைத் தொகுதி கட்டியவருக்குத் திரும்பக் கிடைத்தது செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்! அதே அறிக்கையில் கார் ஷெட்டின் கதவை மாற்றியவருக்குப் போட்டதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வந்தது. பெரிய வேலை முதலைத் தின்கிறது, வாசலில் கண்ணில் படும் சின்ன வேலை முதலைத் தருகிறது. நம் ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கேரளத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே அங்கே பூட்டிக் கிடந்த வீடுகள் 10 லட்சத்துக்கு மேல்! அறைக்குப் பஞ்சம் இல்லாத நாட்டில் இன்னோர் அறைக்கு என்ன மதிப்பு வரும்?

100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. இந்த எண்ணை மறக்காதீர்கள். வீட்டின் பரப்பு இதைத் தாண்டினால் 1975-ம் ஆண்டின் கேரளக் கட்டட வரிச் சட்டப்படி தாசில்தார் ஒருமுறை வரி போடுவார். 1,000 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடியில் சாய்ப்பு கட்டி அதை அறையாக்கினாலும் கோடு தாண்டியாயிற்று. 278.7 சதுர மீட்டரைத் தாண்டினால் ஆண்டுதோறும் கூடுதல் வரி. பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ கட்டும் சொத்து வரி இவற்றில் சேராது, அது தனி.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். அனுமதி வாங்காமல் கூட்டிய அறை, வங்கியின் கண்ணுக்குத் தெரியாது என்பது தெரியுமா? உரிமைச் சான்றில் 860 சதுர அடி இருக்கும், கண்ணெதிரே 1,250 நிற்கும். வாங்குகிறவரின் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பைப் பிடிப்பார். வரைபடத்தில் இல்லாத சுவர் வந்ததும் கை நின்றுவிடும். 860-க்குத்தான் மதிப்பு எழுதுவார். கடன் குறையும், பேரமும் குறையும், பல நேரம் வியாபாரமே நின்றுபோகும். பஞ்சாயத்து கண்டுபிடித்தால் அனுமதியில்லாக் கட்டடம் என்று எண் போட்டு மூன்று மடங்கு வரை வரி கேட்கும்.

இத்தனைக்கும் அனுமதி வாங்குவது முன்போல மலை ஏறுகிற வேலை இல்லை. கேரளத்தில் 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட, உயரம் குறைந்த வீடுகளுக்குச் சுயசான்று முறையிலேயே அனுமதி கிடைக்கிறது. கே-ஸ்மார்ட் இணையதளம் 2024 ஜனவரியில் நகராட்சிகளுக்கும், 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை சுயசான்றில் கட்டலாம்.

ஆனால் கேரளத்தில் அதற்கும் முன்னால் வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் இடம் ‘புரயிடம்’ (வீட்டுமனை) என்று இருக்கிறதா, ‘நிலம்’ என்று இருக்கிறதா? ‘நிலம்’ என்றால் வயல். தென்னை காய்த்து, வீடு நின்று, பேரன் பிறந்தாலும் பதிவேட்டில் அது வயல்தான்! 2008-ம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அந்தச் சட்டப்படி வயல்களைப் பட்டியலிட்டிருக்கும் தரவு வங்கியில் இல்லாத இடமானால் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து மாற்றலாம், 25 செண்ட் வரை நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கட்டணமும் இல்லை. நெய்யாற்றங்கரைகளில் வயல் தூர்த்த இடங்கள் நிறைய. அங்கே அறை கட்டுவதைவிட இந்த ஒரு தாளைச் சரிசெய்வது எத்தனையோ மடங்கு மேல்.

முன்பக்கம் சிட்டவுட் நீட்ட ஆசையா? கேரளத்தில் அறிவிக்கப்பட்ட சாலையின் ஓரத்திலிருந்து 3 மீட்டருக்குள் கட்டக் கூடாது. பின்பக்கம் கழிப்பறையா? செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் இடையே 7.5 மீட்டர் வேண்டும், பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் சேரும்!

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பழைய அஸ்திவாரம் அமர்ந்து பல காலம் ஆயிற்று, புதியது இனிமேல்தான் அமரும். அதனால் இணைப்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. ஓட்டுக்கூரையும் கான்கிரீட்டும் முட்டும் இடம் இன்னும் மோசம். இந்தப் பகுதிக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. கட்டி முடித்து வெள்ளையடித்த சுவரில் இரண்டாவது மழைக்குள் கசிவு பழுப்புப் படம் வரைந்துவிடும். வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

வருமான வரியில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் கையில் இருந்த வீட்டை விற்றால், 2024 ஜூலை 23 முதல் லாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. கூட்டிக் கட்டிய செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம். 8 லட்சத்துக்கு ரசீது இருந்தால் ஒரு லட்சம் ரூபாய் மிச்சம்! ரசீது இல்லாவிட்டால் சல்லிக்காசு கிடையாது. வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுவது போன்ற பராமரிப்புச் செலவு இதில் சேராது. அந்தத் தேதிக்கு முன் வாங்கியவர்கள் பணவீக்கம் கழித்து 20 விழுக்காடு என்ற பழைய கணக்கையும் தேர்ந்தெடுக்கலாம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு இல்லை, இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து விற்கிறவர்கள் இதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழிஞம் துறைமுகம் நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இருக்கிறது, தெரியுமா? 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம். கழக்கூட்டத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலைப் புறவழி வந்து முடிவதோ பாறசாலை அருகே காரோட்டில். இங்கே மண்ணின் விலையை ஏற்றுவது சாலையும் துறைமுகமும். உங்கள் புது அறைக்கு அதில் பங்கில்லை.

அதனால் என் முடிவு இது. விற்பதற்காக மட்டும் அறை கூட்டாதீர்கள். இன்னும் சில ஆண்டு நீங்களே அதில் வாழப் போகிறீர்கள் என்றால் கட்டுங்கள், அனுமதியோடு, ரசீதோடு. வீட்டுக்குள் கழிப்பறையே இல்லாவிட்டால் அதை மட்டும் கட்டுங்கள், அதற்குப் பலன் உண்டு. மற்றபடி, ஆதாரம் (பத்திரம்), முன் ஆதாரம் (முன் பத்திரம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது, வில்லங்கச் சான்று, கைவசச் சான்று, உரிமைச் சான்று ஆறையும் ஒரே உறையில் சேருங்கள். கிணற்றைத் தூர்வாருங்கள், வாசலில் வண்டி திரும்ப இடம் விடுங்கள். கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருநாள் வில்லேஜ் ஆபீசுக்கும் பஞ்சாயத்துக்கும் போய்வாருங்கள்.