ஒற்றை ‘பீப்’ ஒலிக்கு முன்னால்
ஐபிஎம் பெர்சனல் கம்ப்யூட்டர் 5150, அமெரிக்கா, 1981

மதர்போர்டில் உள்ள இந்த 8 கிலோபைட் ரோம் சிப்பைப் பாருங்கள். ஸ்விட்சைப் போட்டதும் 8088 பிராசஸர் தன் முதல் கட்டளையை இதிலிருந்துதான் எடுக்கிறது. மற்ற சிப்புகளுக்கு அப்போது தம் வேலையே தெரியாது. இதில் பதிந்துள்ள பயாஸ் என்ற நிரல்தான் சொல்லிக்கொடுக்கிறது. டைமர் விநாடிக்குச் சுமார் 18 முறை துடிக்க வேண்டும். நினைவகத்தை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும், தவறினால் அதிலுள்ளது அழிந்துவிடும்.

பக்கத்திலுள்ள குட்டி ஸ்விட்சுகளையும் கவனியுங்கள். நினைவகம் எவ்வளவு, ஃபிளாப்பி டிரைவ் எத்தனை, எந்த வகைத் திரை என்பதையெல்லாம் மனிதர்தான் பேனா முனையால் தள்ளிவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதைப் படித்த பிறகே பயாஸ் திரையை எழுப்பும்.

எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு பீப். பிறகு ஃபிளாப்பியைத் தேடும். கிடைக்காவிட்டால், அடுத்த நான்கு சிப்புகளில் காத்திருக்கும் பேசிக் மொழி திறக்கும்.